ஓர் அன்பர்

வெண்ணாற்றங்கரைக் கபடிக் குழு.
மாவட்ட லீக், இரண்டாம் பிரிவு,
பதினாறு அணியில் பதினோராம் இடம்.
பொருளாளர் நான்.
உரக்கடைக் கல்லாவுக்கு அடியில்
யூரியா வாசனையோடு கிடக்கிறது
எங்கள் கணக்கு நோட்டு.

வரவுப் பக்கத்தில் என் கையெழுத்து அழகு:
ரைஸ்மில் குணாளன், ஐந்தாயிரம்.
ஜபருல்லா பந்தல் அண்டு லைட், மூவாயிரம்,
அதில் ஆயிரம் இன்னும் வரவேண்டும்.
சிங்கப்பூரிலிருந்து மதியரசன், பத்தாயிரம்.
மாசிமகத்தன்று உண்டியல் குலுக்கியதில்
எண்ணூற்று நாற்பது,
கூடவே தேய்ந்துபோன ஒரு மலேசியக் காசு.
அப்புறம் ஒரு வரி,
கொஞ்சம் சின்ன எழுத்தில்:
ஓர் அன்பர், நாற்பதாயிரம்.

எங்களூர் சிவன் கோயில் சுவரில்
விளக்கெரிக்க விட்ட ஆடு தொண்ணூற்றாறு.
விட்டவன் பெயர், அவன் ஊர்,
ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையன் பெயர்
எல்லாம் கல்லில் வெட்டிக் கிடக்கிறது.
அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான்
எழுதினேன், ஓர் அன்பர் என்று.

அன்பர் இரண்டு மாதம் ஒன்றும் கேட்கவில்லை.
மேட்டூர் திறப்பதற்கு முந்தின வாரம்,
ஆறு வெறும் மணலாய்க் கிடந்தபோது,
போன் வந்தது.
பசங்க ரெண்டு பேர அனுப்பு.
ராத்திரி கரையில நிக்கட்டும்.
ஒண்ணும் செய்ய வேணாம்,
நின்னா போதும்.

சிற்றரசு நின்றான்.
எங்கள் இடது கார்னர், தொடை பிடித்தால் விடாதவன்.
லாரியை மறிக்க வந்த ஊர்க்காரர்களில்
ரெஜினாவின் மாமனும் இருந்தார்.
டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பேரும்
ஒருவரை ஒருவர் தெரியாததுபோல் பார்த்துக்கொண்டார்களாம்.

ஆண்டுக் கூட்டம், சொசைட்டி குடோனில்.
ரெஜினா எழுந்தாள், பெண்கள் அணி கேப்டன்.
பனியன் பன்னெண்டுன்னு எழுதியிருக்காமே.
ஏழுதான் வந்துச்சு.
அதுலயும் நாலாம் நம்பர் ரெண்டு.
மிச்சம் ஐந்து பனியன்
டீக்கடைப் பாக்கியில் கரைந்ததை
எப்படிச் சொல்ல?
நோட்டை நீட்டினேன்.
அவள் வாங்கவில்லை.

நீங்களே படிங்கண்ணே.
பாடிப் போற மாதிரி, ஒரே மூச்சுல.
கடைசியில உக்காந்திருக்கறவங்களுக்கும் கேக்கணும்.

ஆரம்பித்தேன்.
குணாளன் ஐந்தாயிரம் ஜபருல்லா மூவாயிரம்
மதியரசன் பத்தாயிரம் உண்டியல் எண்ணூற்று நாற்பது
ஓர்
அங்கே மூச்சு வாங்கினேன்.

விசில் ஊத யாருமில்லை.
நெல்மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பொடியன்
அவுட் என்றான்.
யாரும் சிரிக்கவில்லை.

அன்பரை அடித்தேன்.
மேலே எழுதினேன்: பெயர், தகப்பன் பெயர், தெரு,
லாரி நம்பர் இரண்டு.
பேனா நடுங்கியது, பொய் சொல்லவில்லை.
பனியன் பன்னிரண்டை ஏழாக்கினேன்.
மூன்றாள் தள்ளி உட்கார்ந்திருந்த செயலாளர்
எழுந்துபோய் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.
அது கிளம்ப நேரமாயிற்று.

எல்லோரும் போனபின் சிற்றரசு வந்தான்.
நான் மூணு ராத்திரி நின்னேன், எழுதிக்கங்க.
எழுதலாம்டா.
எந்தப் பக்கம் எழுதுவீங்க?
வரவா, செலவா?
நோட்டை விரித்து வைத்துக்கொண்டு
ரொம்ப நேரம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு பிரதி எடுத்து
ரேஷன் கடைச் சுவரில், சர்க்கரை இருப்புக்குப் பக்கத்தில்,
சோற்றுப் பசை தடவி ஒட்டினோம்.
விடிவதற்குள் யார் வீட்டு ஆடோ
கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டது.
கூட்டுத்தொகை போயிற்று.
பெயர் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீடாமங்கலத்தில் ஆட்டம்.
இனி வேன் வராது.
ஆறு ஐம்பதுக்கு ஒரு பஸ் இருக்கிறது,
ரெஜினா நேரம் கேட்டு வைத்திருக்கிறாள்.